கடைசி வாங்குக்கு எட்டாத குரல்

ஆரம்பப் பாடசாலையிற் படிப்பித்த எவருக்கும் தெரிந்த ஒரு பிள்ளை உண்டு. அவன் பின்வாங்கில் இருப்பான். புத்தகத்தைத் திறக்கச் சொன்னால், அடுத்தவன் எந்தப் பக்கத்தைத் திறக்கிறான் என்று பார்த்துத் திறப்பான். கேள்வி கேட்டால் விழித்துக்கொண்டு நிற்பான். அன்றேல் நாம் கேளாத கேள்விக்கு விடை சொல்லி வகுப்பைச் சிரிக்கவைப்பான். சொல்வதெழுதலில் அவன் எழுதும் சொற்களின் ஈறு விடுபட்டுக் கிடக்கும். தவணை முடிவில் அவனுடைய தேர்ச்சி அறிக்கையிலே ‘கவனம் போதாது’ என்று எழுதுகிறோம். இரண்டு மூன்று ஆண்டுகள் இவ்வாறு எழுதப்பட்டபின் அந்த வாக்கியம் அவனைப் பற்றிய உண்மையாகிவிடுகிறது. ஆசிரியர் அதனை நம்புகிறார். தாய் தந்தையர் நம்புகின்றனர். ஈற்றில் அவனும் நம்பிவிடுகிறான்.

நாம் சொன்னது அவனுக்குக் கேட்டதா என்ற வினாவை மாத்திரம் எவரும் எழுப்புவதில்லை.

அவ்வினா எழுப்பப்பட்ட வரலாற்றையே இக்கட்டுரை கூற முயல்கிறது. பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த வரலாறு அது. வகுப்பறையில் ஆசிரியரின் குரலை ஒலிபெருக்கியின் துணைகொண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் எட்டச் செய்தல் என்ற முயற்சியின் கதை. முயற்சி சிறிதாயினும் அது கிளப்பிய பிரச்சினை சிறிதன்று. பிள்ளையின் தோல்விக்குப் பிள்ளையே காரணம் என்ற பழைய நம்பிக்கை அதிலே படிப்படியாக உடைபடுவதைக் காணலாம். முதலிற் பிள்ளையின் புத்தியிலே குற்றங் காணப்பட்டது, பின்னர் செவியிலே, அதன்பின் அறையின் சுவரிலும் கூரையிலும், கடைசியாக, அச்சுவரை எழுப்பியோரின் கணக்குப் புத்தகத்திலே.

1

அறைக்கும் குரலுக்குமுள்ள தொடர்பை முறையாக அளந்து காட்டியவர் ஹார்வாட் பல்கலைக்கழகத்துப் பௌதிகவியலாளர் வலஸ் சபைன். அப்பல்கலைக்கழகத்திலே புதிதாகக் கட்டப்பட்ட ஃபொக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் விரிவுரையாளர் பேசுவது விளங்கவில்லை. அக்குறையைத் தீர்க்கும் பொறுப்பு 1895இல் இளைஞரான சபைனிடம் ஒப்படைக்கப்பட்டது. அம்மண்டபத்திற் பேசிய சொல் ஐந்தரை வினாடிவரை அடங்காது நின்றது. அது மறையுமுன் பத்துக்கு மேற்பட்ட அசைகள் அதன்மேல் வந்து விழுந்தன. சபைன் அயலிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவல் வாங்கினார். ஊர் உறங்கிய பின் ஓர்கன் குழாயொன்றை ஒலிக்கச் செய்து, அவ்வொலி அடங்கும் நேரத்தைக் கடிகாரங் கொண்டு அளந்தார். மெத்தைகள் கூடக்கூட எதிரொலி குறைந்தது. அறையின் கனவளவும் அதிலுள்ள பொருள்களின் ஒலியுறிஞ்சும் ஆற்றலும் தெரிந்தால், ஒலி அடங்கும் நேரத்தை முன்கூட்டியே கணக்கிடலாம் என்ற சூத்திரம் இவ்வாறு பிறந்தது. 1900இல் திறக்கப்பட்ட பொஸ்டன் சங்கீத மண்டபம் அச்சூத்திரத்தின் துணைகொண்டே கட்டப்பட்டது.

இங்கு ஒன்று மனங்கொள்ளத்தக்கது. பேச்சு விளங்கும்படி ஓர் அறையைக் கட்டுவதற்கு வேண்டிய விஞ்ஞான அறிவு 1900ஆம் ஆண்டளவிலேயே மனிதர் கையில் இருந்தது. சீமான்களின் சங்கீத மண்டபம் அதனை உடனே பயன்படுத்திக்கொண்டது. சாதாரண வகுப்பறைகளுக்கென அமெரிக்காவில் ஒரு தேசிய ஒலியியல் நியமம் எழுதப்பட்டது 2002இலேதான். இடையில் நூறு ஆண்டுகள்.

வகுப்பறையிற் குரலுக்கு என்ன நேர்கிறது? திறந்த வெளியிற் பேசுபவரிடமிருந்து தூரம் இரட்டிக்குந்தோறும் குரலின் அளவு 6 டெசிபெல் குறைகிறது. அறைக்குள்ளே சுவர்கள் அதனைத் திருப்பியனுப்புவதால் இக்குறைவு ஓரளவு ஈடுசெய்யப்படும். ஆனால் திரும்பிவரும் ஒலி பிந்தி வருகிறது. பிந்தி வந்து, அடுத்த சொல்லை மூடுகிறது. அதற்குமேல் வீதியின் இரைச்சல், அடுத்த வகுப்பின் ஆரவாரம், வாங்குகளை இழுக்கும் ஓசை. பேச்சிலே வலுவுள்ளவை உயிரோசைகள். பொருளை வேறுபடுத்தும் மெய்யோசைகள் பல நலிந்தவை. அவையே முதலில் அழிகின்றன. நம் மொழியிலே ‘வந்தான்’, ‘வந்தாள்’, ‘வந்தார்’ என்ற மூன்றிற்குமுள்ள வேறுபாடு ஈற்றில் நிற்கும் ஒரு மெய்யில் தங்கியிருக்கிறது. பின்வாங்குப் பிள்ளைக்கு அம்மூன்றும் ஒன்றாகவே வந்து சேரலாம். சொல்வதெழுதலில் ஈறுகள் விடுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிரண்டெல், பெஸ் என்னும் ஆய்வாளர் இருவர் 1986இல் இதனை எண்ணிக்கையாற் காட்டினர். சாதாரண வகுப்பறைச் சூழலிலே, செவிக்குறையற்ற 5 முதல் 7 வயதுவரையான பிள்ளைகளுக்குத் தனிச் சொற்களைச் சொல்லிக் கேட்பித்தனர். 6 அடி தூரத்திலிருந்த பிள்ளைகள் நூற்றுக்கு 89 சொற்களைச் சரியாகக் கேட்டனர். 12 அடியில் அது 55 ஆயிற்று. 24 அடியில் 36. ஒரே ஆசிரியர், ஒரே பாடம், ஒரே அறை. ஆயினும் முன்வாங்குக்குக் கிடைத்ததில் பாதிகூடப் பின்வாங்குக்குக் கிடைக்கவில்லை.

இவ்வுண்மை நீண்டகாலம் மறைந்திருந்தமைக்குக் காரணம் வளர்ந்தோரின் செவி. பரிசோதகர் வந்து வகுப்பின் பின்னால் அமர்கிறார். ஆசிரியரின் பாடம் அவருக்கு நன்றாகவே கேட்கிறது. அவருக்கு மொழி தெரியும். ஆதலால் அழிந்த எழுத்தைத் தம் அறிவால் நிரப்பிக்கொள்கிறார். நிரப்புகிறோம் என்பதைக்கூட அவர் உணர்வதில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு அச்சொல்லே புதிது. தெரியாத சொல்லின் விடுபட்ட பாதியை எதைக்கொண்டு நிரப்புவது? இரைச்சலிலிருந்து பேச்சைப் பிரித்தறியும் ஆற்றல் பதின்ம வயதுவரை வளர்ந்துகொண்டேயிருக்கிறது என்பது பின்வந்த ஆய்வுகளின் முடிபு. நன்றாகக் கேட்கவேண்டிய தேவை யாருக்கு மிக அதிகமோ, அவர்களுக்கே கேட்கும் ஆற்றல் மிகக் குறைவு.

2

இரைச்சல் கல்வியைக் கெடுக்கிறது என்பதை ஐயத்துக்கிடமின்றி நிறுவிய ஆய்வொன்று நியூயோர்க் நகரிலே நடந்தது. மன்ஹாட்டனின் வடகோடியிலுள்ள 98ஆம் இலக்கப் பொதுப் பாடசாலைக்கு அருகே, தூண்களின்மேல் அமைந்த இருப்புப்பாதை செல்கிறது. ஏறத்தாழ நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை புகைவண்டி கடந்துபோகும். ஒவ்வொரு முறையும் ஆசிரியர் அரை நிமிடமளவில் வாய்மூடி நிற்கவேண்டும், அன்றேல் கத்தவேண்டும். கணக்குப் பார்த்தால், கற்பிக்கும் நேரத்தில் ஒன்பதில் ஒரு பங்கை வண்டி விழுங்கியது.

அப்பாடசாலையிற் பிள்ளையைப் படிக்கவிட்ட தாய் ஒருவர், தாம் பயின்ற கல்லூரியில் உளவியல் கற்பித்த ஆர்லின் புரொன்சாஃப்ட்டிடம் இதனைப் பற்றி முறையிட்டார். பெற்றோர் வழக்குத் தொடரவும் எண்ணியிருந்தனர். நீதிமன்றம் சான்று கேட்கும் என்றறிந்த புரொன்சாஃப்ட் சான்று தேடப் புறப்பட்டார். அப்பாடசாலையின் அமைப்பே ஒரு சோதனைச்சாலை போன்றிருந்தது: ஒரு பக்க வகுப்பறைகள் பாதையை நோக்கியிருந்தன, மறுபக்க வகுப்பறைகள் அமைதியானவை. இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே அயலிலிருந்து வந்தவர்கள். வாசிப்புப் பரீட்சைப் புள்ளிகளை ஒப்பிட்டபோது, பாதைப்பக்கத்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஏறத்தாழ ஓராண்டு பின்தங்கியிருந்தது தெரியவந்தது. புரொன்சாஃப்ட்டும் மக்கார்த்தியும் எழுதிய இவ்வாய்வு 1975இல் வெளியாயிற்று.

அதன் விளைவு அதனினும் முக்கியமானது. போக்குவரத்துச் சபை தண்டவாளத்தின் அடியில் இறப்பர்த் தகடுகளை வைத்தது. கல்விச் சபை இரைச்சல் மிக்க அறைகளின் முகட்டில் ஒலியை உறிஞ்சும் பலகைகளைப் பொருத்தியது. 1981இல் புரொன்சாஃப்ட் மீண்டும் ஆராய்ந்தபோது இரு பக்கத்துப் பிள்ளைகளின் வாசிப்பிலும் வேறுபாடு காணப்படவில்லை. ‘கவனம் போதாது’ என்று எழுதப்பட்டிருக்கக்கூடிய பிள்ளைகளின் குறை, இறப்பராலும் பலகையாலும் தீர்ந்துபோயிற்று. வீட்டுச் சூழல், பரம்பரை, சோம்பல் என்று நாம் அடுக்கும் விளக்கங்களிடையே இச்சம்பவத்தையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

3

நியூயோர்க்கில் இரைச்சல் கூரைக்கு மேலாகக் கேட்டது. ஆனால் புகைவண்டி எதுவும் கடக்காத, பார்வைக்கு அமைதியான வகுப்பறைகளிலும் பிள்ளைகள் கேளாதிருந்தனர் என்பதை வெளிக்கொணர்ந்தது ஒரு நாட்டுப்புறம்.

இலினோய் மாநிலத்தின் தென்கிழக்கு மூலை வபாஷ், ஒஹையோ ஆகிய ஆறுகளை அடுத்தது. கமமும் நிலக்கரியும் சார்ந்த சிற்றூர்களைக் கொண்டது. அப்பகுதியின் விசேட கல்வி மாவட்டம் நொறிஸ் சிற்றி என்னும் ஊரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. அக்காலத்திலே ஒரு புதிய கடமை அதன்மேல் வந்திருந்தது. குறைபாடுடைய பிள்ளைகள் அனைவர்க்கும் பொதுப் பாடசாலைகளிற் கல்வியளிக்கவேண்டும், இயன்றவரை ஏனைய பிள்ளைகளுடன் சேர்த்தே அளிக்கவேண்டும் என்ற சட்டத்தை அமெரிக்கக் காங்கிரஸ் 1975இல் நிறைவேற்றியிருந்தது. கற்றலிற் பின்தங்கிய பிள்ளைகளை நாளில் ஒரு பகுதி நேரம் வகுப்பிலிருந்து பிரித்தெடுத்து, உதவியறை என்னும் தனியறையில் வைத்துக் கற்பிப்பது அன்றைய வழக்கம்.

இப்பிள்ளைகளின் செவிகளைச் சோதித்தவர்கள் ஓர் உண்மையைக் கண்டனர். அவர்களிற் பலருக்கு மிகச் சிறிய செவிக்குறை இருந்தது. வழமையான பாடசாலைச் சோதனையில் ‘சரி’ என்று விடப்படும் அளவினது அது. காதுக்கருவி பொருத்துமளவுக்குப் பெரிதன்று. நடுச்செவியிலே தடிமனுடன் நீர் தங்குவதால் வந்துபோகும் குறையும் இவ்வகையினது. இன்று கேட்கும், அடுத்த வாரம் கேளாது. இத்தகைய பிள்ளையைப் பார்க்கும் ஆசிரியர், ‘வேண்டுமானாற் கேட்கிறான், வேண்டாவிட்டாற் கேட்பதில்லை’ என்று முடிவுகட்டுவது இயல்பே.

1977இல் அம்மாவட்டத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. அதன் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து ‘மார்ஸ்’ என வழங்கினர். லூயிஸ் சார்ஃபும் ஹெலன் ரேயும் அதன் முன்னணியில் நின்றனர். பின்தங்கிய பிள்ளைகளை வெளியே எடுப்பதற்குப் பதிலாக, அவர்களைத் தங்கள் வகுப்பிலேயே விட்டு, அவ்வகுப்பில் ஆசிரியரின் குரலைப் பெருக்கினால் என்ன நிகழும் என்பதே அவர்கள் ஆராய்ந்த வினா. ஆசிரியர் கம்பியில்லா ஒலிவாங்கி ஒன்றை அணிந்துகொண்டார். அது வானொலி அலைமூலம் குரலைப் பெருக்கிக்கு அனுப்பியது. அறையில் வைத்த ஒலிபெருக்கிகள் அதனை எங்கும் பரப்பின. கூட்ட மேடையின் முழக்கமன்று இது. ஏறத்தாழ 10 டெசிபெல் அளவே குரல் உயர்ந்தது. ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றாலும், அறையின் மறுகோடிக்கு நடந்து போனாலும், எல்லா வாங்குகளுக்கும் அக்குரல் ஏறத்தாழ ஒரே அளவில் எட்டியது.

முடிவுகள் 1981இலும் 1984இலும் வெளியாயின. குரல் பெருக்கப்பட்ட பொது வகுப்பிலேயே இருந்த பிள்ளைகள் பரீட்சைகளிற் கணிசமாக முன்னேறினர். உதவியறைக்கு அனுப்பும் முறையோடு ஒப்பிடும்போது செலவும் மிகக் குறைந்திருந்தது. செவிக்குறையற்ற பிள்ளைகளும் நன்மை பெற்றனர்; வயதில் இளையோர் பெற்ற நன்மை அதிகம். இதனையடுத்து அமெரிக்காவின் வேறு பல மாநிலங்களிலும் இம்முறை பரவியது. புளோரிடாவில் நடந்து 1999இல் வெளியான ஆய்வு, பாலர் வகுப்பு முதல் இரண்டாம் வகுப்பு வரையுள்ள இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை உட்படுத்தியது. பெருக்கப்பட்ட வகுப்புகளிற் கேட்கும் பழக்கமும் கற்கும் பழக்கமும் விரைவாகத் திருந்தின என்பது அதன் முடிபு. பின்னாளில் வானொலி அலைக்குப் பதிலாகச் செங்கீழ்க் கதிர்களைப் பயன்படுத்தும் கருவிகள் வந்தன. அக்கதிர் சுவரைக் கடவாதாதலால் அடுத்த வகுப்பாசிரியரின் குரல் இவ்வகுப்பில் வந்து குழப்புவதில்லை.

இவ்வாய்வின் சமூக உட்பொருளை ஆழ்ந்து நோக்கவேண்டும். உதவியறை முறை பிள்ளையைக் குறையுடையவனாகக் கருதி வகுப்பிலிருந்து பிரித்தது. ஒலிபெருக்கியோ பிள்ளையை ஒன்றுஞ் செய்யவில்லை. அவன் நெற்றியில் எந்தப் பெயரையும் ஒட்டவில்லை. வகுப்பிலே குரல் பங்கிடப்பட்ட முறையை மாத்திரம் மாற்றியது. பங்கீடு சீரானதும் ‘பின்தங்கியவர்’ பலர் முன்வந்தனர்.

4

ஆசிரியர்களைப் பற்றியும் ஒரு சொல். வகுப்பறையின் இரைச்சலுக்கு விலை கொடுப்போர் பிள்ளைகள் மாத்திரமல்லர். அமெரிக்காவின் அயோவா, யூட்டா மாநிலங்களில் 1,243 ஆசிரியர்களை விசாரித்து 2004இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, நூற்றுக்கு 57.7 பேர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் குரற் கோளாறுக்கு உட்பட்டிருந்தனர். வேறு தொழில் செய்வோரிடையே அது 28.8 மட்டுமே. 2002இல் வெளியான மற்றோர் ஆய்விலே, குரற் கோளாறுற்ற ஆசிரியரிற் சிலருக்குக் குரலைப் பேணும் முறைகள் உபதேசிக்கப்பட்டன. வேறு சிலருக்கு உடலில் அணியும் சிறு ஒலிபெருக்கி கொடுக்கப்பட்டது. கருவி பெற்றவர்களிடமே தெளிவான குணம் காணப்பட்டது. சுரங்கத் தொழிலாளியின் சுவாசப்பைக்கு நேர்வதைத் தொழில் நோய் என்கிறோம். ஆசிரியரின் தொண்டைக்கு நேர்வதை, ‘தண்ணீர் குடியுங்கள், மெதுவாகப் பேசுங்கள்’ என்று அவருடைய சொந்தப் பழக்கமாக்கிவிடுகிறோம். பிள்ளைக்குச் சொன்ன நியாயமே இங்கு ஆசிரியருக்கும் சொல்லப்படுகிறது.

5

இதுவரை கூறியதைக்கொண்டு ஒலிபெருக்கியே சர்வரோக நிவாரணி என்று கொள்வது தவறு. அமெரிக்க ஒலியியற் சங்கம் சாதாரணச் சிறு வகுப்பறைகளில் அதனை வழக்கமாகப் பயன்படுத்துவதை ஆதரிக்கவில்லை. அதன் வாதம் வலிமையானது. எதிரொலி மிகுந்த அறையிலே குரலைப் பெருக்கினால் எதிரொலியும் பெருகும். அடுத்த அறைக்கும் இரைச்சல் போய்ச் சேரும். ஆசிரியர் ஒருவரின் குரல் பெருகுமேயன்றி, வினா எழுப்பும் பிள்ளையின் குரல் பெருகாது. ஆதலின் முதலில் அறையைத் திருத்துக என்பது அவர்கள் நிலைப்பாடு.

2012இல் இங்கிலாந்தின் டொக்ரெல், ஷீல்ட் ஆகிய ஆய்வாளர் வெளியிட்ட முடிவும் நிதானமானது. ஒலிபெருக்கி வைத்த ஆரம்ப வகுப்புகளில் பேச்சை விளங்கிக்கொள்ளும் திறன் வளர்ந்தது. ஒலியமைப்பு மோசமான அறைகளிலே பயன் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் வாசிப்பு, எழுத்துக்கூட்டல், கணிதம் ஆகியவற்றின் பரீட்சைகளில் வேறுபாடு காணப்படவில்லை. கெட்ட அறைக்கு அது ஒரு பரிகாரம். நல்ல அறைக்கு அது பதிலாகாது.

அறையைத் திருத்தும் போராட்டமோ எளிதாயிருக்கவில்லை. செவிக்குறையுடைய பிள்ளையொன்றின் பெற்றோரிடமிருந்து அமெரிக்க அரசின் சபையொன்றுக்குச் சென்ற மனுவே 2002ஆம் ஆண்டு நியமத்துக்கு வழிதிறந்தது. பிள்ளைகள் இல்லாதபோது வகுப்பறையில் இரைச்சல் 35 டெசிபெல்லைத் தாண்டலாகாது, சாதாரண அளவுள்ள அறையில் எதிரொலி அடங்கும் நேரம் 0.6 வினாடியை மீறலாகாது என்று அந்நியமம் விதித்தது. ஆயினும் அது தானாகச் சட்டமாகவில்லை. விரும்பினோர் கைக்கொள்ளலாம் என்ற அளவிலேயே நின்றது. அதனைக் கட்டட விதிகளிற் சேர்க்க முயன்றபோது, குளிரூட்டிப் பொறிகளைச் செய்வோரின் சங்கமும் தற்காலிக வகுப்பறைக் கூடுகளை விற்போரின் சங்கமும் எதிர்த்து நின்றன. அமைதியான பொறிக்கும் தடித்த சுவருக்கும் பணம் அதிகம் என்பதே அவர்கள் கூறிய நியாயம். பிள்ளையின் செவியிலே தொடங்கிய விசாரணை வந்து முடிந்த இடம் இதுவே.

குறையின் சமூக வேர் மிகத் தெளிவாகத் தெரிவது ஆஸ்திரேலியாவிலே. அங்குள்ள ஆதிக்குடிப் பிள்ளைகளிடையே சீழ்வடியும் நடுச்செவி நோய் மிகுதி. ஒரு சமூகத்தில் நூற்றுக்கு நான்கு பேருக்கு மேல் இந்நோய் காணப்படின், அது உடனடிக் கவனம் வேண்டும் பொதுச் சுகாதார நெருக்கடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஆதிக்குடிச் சமூகங்கள் பலவற்றில் அவ்வளவைப் பன்மடங்கு தாண்டிய நிலை காணப்பட்டது. நெருக்கமான குடியிருப்பு, நல்ல தண்ணீரின்மை, வைத்திய வசதியின்மை ஆகியன அதன் காரணங்கள். குவீன்ஸ்லாந்தில் இப்பிள்ளைகளின் வகுப்புகளில் ஒலிபெருக்கி வைத்தபோது, அவர்கள் ஆசிரியருடனும் தம்முள்ளும் பேசிப் பங்குகொள்வது கூடியதென 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. நல்ல செய்தியே. ஆனால் வீட்டைப் பறித்தவர்கள் வகுப்பறையில் ஒலிபெருக்கி வைத்துக் கடனைத் தீர்த்துவிட முடியாது.

6

நமது நாட்டிலே நீண்ட மண்டபமொன்றில் இடைச்சுவரின்றி மூன்று நான்கு வகுப்புகள் நடைபெறும் பாடசாலைகளை இன்றும் காணலாம். ஒரு வகுப்பில் வாய்பாடு, அடுத்ததில் பாட்டு, அதற்கடுத்ததில் சொல்வதெழுதல். தகரக் கூரையில் மழை விழுந்தால் பாடமே நின்றுவிடும். அங்கே ஒலிபெருக்கியைக் கொண்டுபோய் வைத்தால், ஒரு வகுப்புக்குச் செய்த நன்மை அடுத்த வகுப்புக்குத் தீமையாகும். முதலில் வேண்டுவது சுவர், அதன்பின் ஒலியை உறிஞ்சும் முகடு, அதன்பின்னரே கருவி. இவ்வரிசையை மாற்றிச் சொல்பவர் கருவி விற்க வந்தவராக இருக்கக்கூடும்.

ஆயினும் சுவர் எழும்வரை ஆசிரியர் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. பின்வாங்குப் பிள்ளைகளை வாரந்தோறும் முன்னே மாற்றி இருத்தலாம். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாது, பிள்ளைகளைப் பார்த்துப் பேசலாம். புதிய சொல்லைச் சொல்லும்போது வகுப்பின் நடுவில் நின்று சொல்லலாம். சொன்னதைப் பின்வாங்குப் பிள்ளையைக்கொண்டு திருப்பிச் சொல்விக்கலாம். செவிச் சோதனைக்கு யாரை அனுப்புவது என்று தீர்மானிக்க அதுவே போதும். இவற்றுக்கு ஒரு சதமும் செலவில்லை. சுவருக்குச் செலவுண்டு, அதனைக் கேட்டுப் பெறுவது தனியொருவரால் ஆகாது. ஆசிரியர் சங்கங்களும் பெற்றோரும் சேர்ந்து கேட்கவேண்டிய கோரிக்கை அது. நியூயோர்க்கில் தண்டவாளத்துக்கு அடியில் இறப்பர் வைக்கப்பட்டதும், ஒரு தாய் வாய்திறந்து முறையிட்டதனால் தொடங்கிய காரியமே.

வரும் தவணை முடிவிலே தேர்ச்சி அறிக்கைகள் நம் மேசைக்கு வரும். ‘கவனம் போதாது’ என்று எழுதப் பேனாவை எடுக்குமுன், அந்தப் பிள்ளை எங்கிருந்து படித்தான், நமது குரல் அங்குவரை போயிற்றா என்று ஒருமுறை அந்த வாங்கிலே போய் இருந்து பார்ப்போமாக.